புது டாட்டூ ஆறும்போது வரும் கோளாறுகள்: எதைக் கண்டால் என்ன செய்வது

புது டாட்டூ ஒரு வாரத்துக்குப் பார்க்கச் சகிக்காது. அதனால் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நேற்றைவிட இன்று வலி, சூடு, சிவப்பு மூன்றும் குறைந்திருக்கின்றனவா, கூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் தினம் ஒரு படம் எடுத்து வைத்தால் ஒப்பிடுவது எளிது.

வழக்கமான போக்கு இது: முதல் 2, 3 நாள் சிவப்பு, வீக்கம், மை கலந்த நீர்க்கசிவு. 4-ஆம் நாளிலிருந்து இரண்டு வாரம்வரை உரிதலும் அரிப்பும். அதன்பின் சில வாரம் பளபளவென்று வெளிறிய தோல். மேல்தோல் மூட 2, 3 வாரம் ஆகும். அடியில் முழுக்க ஆற 2, 3 மாதம் பிடிக்கும்.

வழக்கமான பராமரிப்பும் இவ்வளவுதான்: நாளைக்கு 2 அல்லது 3 முறை கையைக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான நீரிலும் மணமில்லாத திரவ சோப்பிலும் விரல் நுனியால் மெதுவாகக் கழுவுங்கள். காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். 10 நிமிடம் காற்றில் விடுங்கள். உள்ளங்கை அகல டாட்டூவுக்கு ஒரு பட்டாணி அளவு களிம்பு போதும். கீழே வரும் கோளாறுகளில் பல, இதைவிட அதிகமாகச் செய்ததால் வருபவை.

## துணி அல்லது படுக்கை விரிப்பு ஒட்டிக்கொண்டது

இழுக்காதீர்கள். இரவில் வடிந்த நீர் காய்ந்து பசையாகிவிட்டது, அவ்வளவுதான். துணியோடு அப்படியே குளியலறைக்குப் போய், ஒட்டிய இடத்தில் வெதுவெதுப்பான நீரை 5 முதல் 10 நிமிடம் ஊற்றிக்கொண்டிருங்கள். பசை இளகியதும் துணி தானாகக் கழன்று வரும். வராவிட்டால் இன்னும் நனையுங்கள், விரலால் நெம்பாதீர்கள்.

துணியில் டாட்டூவின் வடிவமே அச்சடித்தாற்போல் இருக்கிறதா? பயப்பட ஒன்றுமில்லை. தோலின் மேற்பரப்பில் மிஞ்சிய மை அது. உள்ளே இறங்கிய மை துணியில் வராது.

பொருக்கோடு பிய்ந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் 5 நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு கழுவி விடுங்கள். அந்த இடத்தில் மை குறையலாம். அதைப் பின்னால் நிரப்பிக்கொள்ளலாம்.

## ஒட்டுப்படலத்துக்கு அடியில் கறுப்பாக நீர் தேங்குகிறது

கடையில் ஒட்டிவிட்டது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சமையலறையில் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் தாளாக இருந்தால் 2 முதல் 4 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அதில் காற்று புகாது. இரவு முழுக்க விட்டால் உள்ளே வெந்துபோனதுபோல் ஆகிவிடும். எடுத்த தாளையே திருப்பிச் சுற்றுவது இன்னும் மோசம்.

தோலோடு ஒட்டும் மருத்துவப் படலம் என்றால் முதல் நாள் நீர் தேங்குவது இயல்பு. அதன் ஓரங்களைப் பாருங்கள்.

ஓரம் நான்கு பக்கமும் இறுக ஒட்டியிருக்கிறது: விடுங்கள். பொதுவாக முதல் படலத்தை 24 மணி நேரத்தில் மாற்றி, அடுத்ததை 3 முதல் 5 நாள்வரை விடுவார்கள். உங்களுக்குக் குத்தியவர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஓர் ஓரம் தூக்கி நீர் வெளியே வழிகிறது: நீர் வெளியேறும் வழியாகவே கிருமி உள்ளே போகும். முழுவதையும் எடுத்துவிடுங்கள். தூக்கிய இடத்தில் டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள்.

படலத்தின் சதுர வடிவத்திலேயே தோல் சிவந்து அரிக்கிறது: பசை ஒத்துக்கொள்ளவில்லை. உடனே எடுங்கள், அடுத்ததை ஒட்ட வேண்டாம்.

எடுக்கும் முறை முக்கியம். வெந்நீர்க் குளியலின்போது ஒரு மூலையை நனைத்து, படலத்தைத் தோலுக்கு இணையாகப் பக்கவாட்டில் இழுங்கள். ரப்பர்போல் நீளும்போது பசை விட்டுக்கொடுக்கும். பிளாஸ்திரியைப் பிய்ப்பதுபோல் மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் மேல்தோலும் கூடவே வரும்.

## பொருக்கு தடித்து, ஊறி, கொழகொழவென்று இருக்கிறது

இதற்குப் பெரும்பாலும் காரணம் களிம்பு. தடவி ஒரு மணி நேரம் கழித்து விரலை வைத்துப் பாருங்கள். விரல் வழுக்கினால், அல்லது ஒட்டி நூல்போல் இழுபட்டால், அளவு கூடிவிட்டது. பொருக்கின் ஓரம் வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்போல் இருக்கும். அந்த நிலையில் பொருக்கு உடையில் உரசினாலே பெயர்ந்து, அடியிலுள்ள மையையும் கொண்டுபோய்விடும்.

சரிசெய்யும் முறை:

1. சோப்பு போட்டுக் கழுவி, பழைய களிம்பு முழுவதையும் எடுங்கள். பொருக்கைத் தேய்க்காதீர்கள்.
2. ஒற்றி எடுத்து, 15 நிமிடம் காற்றாட விடுங்கள். அவசரமென்றால் முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து, ஒரு கை தூரத்திலிருந்து காட்டலாம். சூடான காற்று கூடாது.
3. அடுத்த 24 மணி நேரம் எதுவும் தடவாதீர்கள். கழுவுவது மட்டும் தொடரட்டும்.
4. பொருக்கு காய்ந்து இறுகியபின் முன்பு தடவியதில் பாதி அளவில் தொடங்குங்கள். தடவியபின் தோல் மின்னக்கூடாது. லேசாக ஈரப்பதம் இருந்தால் போதும்.

உடையும் ஒரு காரணம். இறுக்கமான இடுப்புப்பட்டை, காலுறையின் விளிம்பு, உள்ளாடைப் பட்டை ஆகியவற்றுக்கு அடியில் வியர்வை தேங்கினாலும் இதே கதைதான். தளர்வான பருத்தி உடைக்கு மாறுங்கள்.

இரண்டு நாளாகியும் காயவில்லை, நாற்றம் வருகிறது என்றால் இது களிம்புப் பிரச்சினை இல்லை. கீழே ‘சிவப்பு படர்கிறது’ என்ற பகுதிக்குப் போங்கள்.

இதற்கு நேர்மாறாக, தோல் இறுகி வெடிக்கிறது: களிம்பே போடாமல் காயவிட்டதன் விளைவு. முழங்கை, முழங்கால், மணிக்கட்டு போன்ற மடங்கும் இடங்களில் அதிகம் வரும். மணமில்லாத கிரீமை நாளைக்கு 3 முறை, மிக மெல்லிதாகத் தடவுங்கள். கொதிக்கும் வெந்நீர்க் குளியல் வேண்டாம்.

## அரிப்பு தாங்கவில்லை

எங்கே, எப்போது அரிக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

5-ஆம் நாளுக்குப் பின், உரியும் தோலோடு: ஆறுவதன் அடையாளம். சொறியாதீர்கள், உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். துணி சுற்றிய குளிர் ஒத்தடத்தை 5 நிமிடம் வைக்கலாம். உள்ளங்கையால் சுற்றியுள்ள தோலை லேசாகத் தட்டலாம். பகலில் சமாளித்துவிட்டு இரவுத் தூக்கத்தில் சொறிபவர்களே அதிகம். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் படுங்கள்.

களிம்பு பட்ட இடமெல்லாம், டாட்டூவைத் தாண்டியும் பொடிப்பொடியாகக் கொப்புளம்: களிம்பு ஒவ்வாமை. நியோமைசின், பாசிட்ராசின் கலந்த ஆன்டிபயாடிக் களிம்புகள் இதற்குப் பேர்போனவை. கம்பளிக் கொழுப்பான லனோலினும் வாசனைப் பொருளும் அடுத்த இடத்தில். ‘புண்தானே, ஆன்டிபயாடிக் போட்டால் சீக்கிரம் ஆறும்’ என்று தாமாகப் போட்டுக்கொள்வதுதான் வினை. தொற்று இல்லாத டாட்டூவுக்கு அது தேவையே இல்லை. நிறுத்திவிட்டுக் கழுவுங்கள், ஒரு நாள் விட்டு, வேறெதுவும் கலக்காத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அரிப்புக்குச் செட்ரிசின் போன்ற மாத்திரை உதவும். மருந்தாளுநரிடம் உங்கள் மற்ற மருந்துகளைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டு கிரீமை ஆறாத தோலில் மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். 3 நாளில் தணியாவிட்டால் தோல் மருத்துவர்.

முடி வேர்களில் வெண்முனைப் பருக்கள்: களிம்பு அடைப்பு, அல்லது மழித்த இடத்தின் எரிச்சல். களிம்பைக் குறையுங்கள். பிதுக்காதீர்கள்.

ஒரே ஒரு நிறத்தில் மட்டும், பெரும்பாலும் சிவப்பில்: மை ஒவ்வாமை. குத்தி வாரங்கள் கழித்தும் வரும், ஆண்டுகள் கழித்தும் வரும். பக்கத்திலுள்ள கறுப்புக் கோடு சமமாக இருக்க, சிவப்பு நிரப்பிய பகுதி மட்டும் மேடாகி நமைக்கும். கண்ணை மூடி விரலால் தடவினாலே எல்லை தெரியும். வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. தோல் மருத்துவர் ஸ்டீராய்டு கிரீமோ, மேட்டுக்குள்ளேயே ஊசியோ தருவார். லேசரால் அழித்துவிடலாம் என்று நேராக அங்கே போகாதீர்கள்: லேசர் மையைத் துகளாக்கி உடலுக்குள் பரப்பினால் ஒவ்வாமை உடம்பு முழுக்கக் கிளம்பக்கூடும்.

முகம், உதடு வீங்கி, மூச்சு முட்டினால் வேறெதையும் சோதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

## சிவப்பு படர்கிறது, சூடாக இருக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது

முதல் இரண்டு நாள் இதெல்லாம் இருக்கும். 3-ஆம் நாளுக்குப் பின்னும் குறையாமல் கூடிக்கொண்டே போனால் தொற்று என்று எண்ணிச் சோதியுங்கள்.

1. எல்லைக் கோடு. சிவப்பு முடியும் விளிம்பைச் சுற்றி, நல்ல தோலில் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் எழுதுங்கள். 6 மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.
2. சூடு. புறங்கையை டாட்டூ மேலும், மறுபக்கக் கை அல்லது காலின் அதே இடத்திலும் வைத்து ஒப்பிடுங்கள்.
3. அழுத்தம். ஓரத்தில் விரலால் மெல்ல அழுத்துங்கள். பலகைபோல் கெட்டியாக இருக்கிறதா, உள்ளே நீர் அசைவதுபோல் கொளகொளக்கிறதா, தொட்டாலே உயிர் போகிறதா?
4. வடியும் நீர். ஊனீர், அதாவது ஆறும் புண்ணில் இயல்பாகக் கசியும் நீர், தெளிவாக, வைக்கோல் நிறத்தில், நீர்த்திருக்கும், காய்ந்தால் மினுங்கும். சீழ் கெட்டியாக, மங்கலாக, மஞ்சளோ பச்சையோ இருக்கும், பெரும்பாலும் நாறும்.
5. காய்ச்சல். தெர்மாமீட்டரில் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல்.
6. நெறி. கையில் குத்தியிருந்தால் அக்குளிலும், காலில் குத்தியிருந்தால் தொடை இடுக்கிலும் தடவிப் பாருங்கள். லேசாக நெறி கட்டுவது டாட்டூவுக்கே வரும். வலியோடு பெரிதானால் கணக்கில் எடுங்கள்.

கருநிறத் தோலில் சிவப்பு சிவப்பாகவே தெரியாது. ஊதா கலந்தோ, சுற்றியுள்ள தோலைவிட அடர்ந்த பழுப்பாகவோ தெரியும்; சிலசமயம் கண்ணுக்கே படாது. நிறத்தைத் தேடி நாளைக் கடத்தாமல் சூடு, கெட்டித்தன்மை, வலி மூன்றையும் நம்புங்கள்.

சிவப்பு கோட்டுக்குள்ளேயே இருக்கிறது, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை: உராய்வோ அதிகக் கழுவலோ காரணமாக இருக்கலாம். உடையைத் தளர்த்தி, கழுவுவதை 2 முறையாக்கி, 24 மணி நேரம் கவனியுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

கோட்டைத் தாண்டியது, அல்லது சீழ், அல்லது காய்ச்சல்: அன்றே மருத்துவர். சீழ் இருந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் அதில் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க முடியுமா என்று கேளுங்கள். சாதாரண மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் வகையாக இருந்தால் அதில்தான் தெரியும். வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையில் நான்கைப் போட்டுக்கொண்டு போனால் அந்தப் பரிசோதனையும் கெடும்.

டாட்டூவிலிருந்து உடலை நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுகிறது, நடுக்கத்தோடு காய்ச்சல், தோல் கறுக்கிறது, வெளியே தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத அளவு கடும் வலி: அவசரப் பிரிவு. காலைவரை பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

நீரிழிவு, கல்லீரல் நோய் உள்ளவர்களும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் மேலே சொன்னதில் ஒரு படி முன்னாலேயே போய்விடுங்கள்.

## குத்திய சில நாளிலேயே கடலில், குளத்தில் இறங்கியாயிற்று

மேல்தோல் மூடும்வரை, அதாவது குறைந்தது 3 வாரம், மூழ்கிக் குளிப்பது எதுவும் கூடாது, ஷவர் பரவாயில்லை. இறங்கிவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவி உலர்த்துங்கள். அடுத்த 2 நாள் மேலே சொன்ன சோதனைகளைக் காலையும் மாலையும் செய்யுங்கள்.

வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா இருக்கும். 2017-இல் மருத்துவ இதழில் பதிவான ஒரு நேர்வில், கல்லீரல் நோயிருந்த 31 வயது ஆண் ஒருவர் குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தி, அந்தத் தொற்றால் இறந்தார். கடலில் இறங்கியபின் வேகமாகப் பரவும் வலியோ, ரத்தம் கோத்த கொப்புளமோ வந்தால் மணிக்கணக்கு முக்கியம். ‘கடல்நீர் பட்டது’ என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

## கால், கணுக்கால் வீங்கிவிட்டது

காலில் குத்தினால் வீக்கம் 3, 4 நாள் இருக்கும். மாலையில் கூடி, காலையில் வற்றும். படுத்து, காலைத் தலையணைமேல் நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி 20 நிமிடம் வையுங்கள். வற்றினால் கவலையில்லை. உயர்த்தியும் வற்றாமல், கெண்டைக்கால் சதையில் வலியும் சேர்ந்தால் அது டாட்டூ சார்ந்ததாகவே இல்லாமல், காலுக்குள் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

## கோட்டைச் சுற்றி நீலமாக மை பரவியதுபோல் இருக்கிறது

இரண்டில் ஒன்று. கன்றிப்போனது என்றால் தொட்டால் வலிக்கும், ஓரம் மஞ்சளும் பச்சையுமாக மாறி, இரண்டு வாரத்தில் போய்விடும். நிறம் மாறாமல், வலியும் இல்லாமல், கோட்டுக்கு நிழல் போட்டதுபோல் அப்படியே நின்றால் மை உள்ளே கசிந்துவிட்டது: ஊசி ஆழமாகவோ சாய்வாகவோ இறங்கி, மை தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் பரவியிருக்கிறது. உள் மணிக்கட்டு, பாதம், விலா போன்ற மெல்லிய தோலில் அதிகம்.

கசிவுக்குக் களிம்பு, தேய்ப்பு எதுவும் உதவாது. 2, 3 மாதம் கழித்துக் கோட்டைத் தடிப்பாக்கியோ நிழல் சேர்த்தோ மறைக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் லேசர்.

## நிறம் திட்டுத்திட்டாகப் போய்விட்டது, பால் படிந்ததுபோல் இருக்கிறது

3-ஆவது வாரத்தில் முழு டாட்டூவும் மங்கலாகத் தெரிந்தால் மை போகவில்லை. மேலே வளர்ந்த புதுத்தோல் இன்னும் தெளியவில்லை. காத்திருங்கள்.

ஓட்டைபோல் சில இடத்தில் மட்டும் நிறமே இல்லையென்றால் பொருக்கோடு மை போயிருக்கிறது. 6 வாரத்துக்கு முன் திருத்தம் கேட்காதீர்கள். ஆறாத தோலில் மறுபடி குத்தினால் வடுதான் மிஞ்சும். விரல், உள்ளங்கை, பாதத்தின் ஓரம் ஆகியவற்றில் இது யார் குத்தினாலும் நடக்கும்.

ஆறும்வரை வெயிலைத் துணியால் மறையுங்கள், சன்ஸ்கிரீன் வேண்டாம். முழுக்க மூடியபின் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

## மேடு, முடிச்சு, கட்டி

கோடு சில நாள் தடித்து, தானாக அமுங்குகிறது: வெப்பத்திலும் அரிப்பிலும் ஆறிய டாட்டூவும் இப்படித்தான். விடுங்கள்.

மேடு கோட்டின் அகலத்துக்குள்ளேயே: தடித்த வடு. மூடிய தோலில் சிலிக்கான் ஜெல் அல்லது தாளை மாதக்கணக்கில் பயன்படுத்தினால் தணியும்.

மேடு கோட்டைத் தாண்டி வளர்கிறது: கீலாய்டு. ஊசி, கடுங்குளிரால் உறையவைப்பது என்று பல வழி உண்டு. சிறிதாக இருக்கும்போதே தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அறுத்தால் மட்டும் போதாது, பெரிதாகத் திரும்பி வரலாம்.

சாம்பல் நிழல் போட்ட பகுதியில் மட்டும் சிவந்த பருக்கள், ஓரிரு வாரம் கழித்தோ அதற்குப் பின்போ: இதைச் சாதாரணப் பரு என்று விட்டுவிடுகிறார்கள். கறுப்பு மையைக் குழாய்நீரில் கலந்து நிழல் மை தயாரித்தாலோ, மைக்குப்பியே மாசுபட்டிருந்தாலோ மைக்கோபாக்டீரியம் செலோனே போன்ற கிருமி தோலுக்குள் போய்விடும். வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு இது அசையாது. சதைத்துணுக்கு எடுத்து, இந்த வகைக் கிருமிக்கான தனிப் பரிசோதனை செய்ய வேண்டும். மருந்து மாதக்கணக்கில் போகும். ஒரு மருந்துச் சுற்று முடிந்தும் பருக்கள் அப்படியே இருந்தால் நீங்களே இந்தப் பேச்சை எடுங்கள்.

## ஊசி புதிதுதானா என்று சந்தேகம்

உறையைப் பிரித்ததைப் பார்க்கவில்லை, அல்லது மற்றவருக்குப் பயன்படுத்தியதைப் பார்த்தீர்கள் என்றால் தோலில் அறிகுறி வரக் காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு முன்னால் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா, கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது என்ற விவரங்களோடு உடனே மருத்துவரிடம் போங்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது; சில வாரம் விட்டு மறுபரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். முதல் முடிவில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் அந்த இரண்டாவது தேதியைத் தவறவிடாதீர்கள்.

## மருத்துவரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

குத்திய தேதி, நாள்வாரியாக எடுத்த படங்கள், தடவிய களிம்பின் குழாய், சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை. குத்தியவரை அழைத்து மையின் பெயரையும் குப்பியிலுள்ள தொகுதி எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. அன்று காலை களிம்பு தடவாமல் போங்கள். மேலே பூச்சு இருந்தால் வடிவது சீழா களிம்பா என்று அவருக்கும் தெரியாது.